காத்தாடியும் கணக்குப் புத்தகமும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

மொட்டைமாடியில் சோலார் போடுவதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள் என்றார் செயலாளர். நான் வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். படித்தது பி.காம். முறைப்படி ஒரு எலக்ட்ரிக்கல் என்ஜினியர் நிற்க வேண்டிய இடம் இது. ஆனால் இந்தக் கரண்ட் விஷயத்தைப் படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது. இதில் பாதிக்கு மேல் கணக்கு. கணக்கு என்றால் நான் பேசலாம். பத்து நிமிடம் மட்டும் போதாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சோலாருக்குப் போகும் முன் காத்தாடிக்குப் போவோம். வாசுதேவநல்லூரிலிருந்து கிழக்கே சங்கரன்கோவில் பக்கமோ, தெற்கே சுரண்டை, ஊத்துமலை, தேவர்குளம் பக்கமோ போகிறவர்கள் எத்தனை காத்தாடிகளைப் பார்த்திருப்பீர்கள்! கயத்தாறு தாண்டினால் எண்ணவே முடியாது. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழுகிற அதே தென்மேற்குப் பருவக் காற்று, செங்கோட்டைக் கணவாய் வழியாக மலையைத் தாண்டி இந்தச் சமவெளியில் பாய்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு காம்பவுண்டு சுவர் என்றால், அதில் மூன்று வாசல்கள்: பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி. தமிழ்நாட்டின் காற்றாலைகளில் பெரும்பகுதி இந்த மூன்று வாசலுக்கு எதிரேதான் நிற்கிறது.

மாநிலத்தில் நிறுவியிருக்கும் காற்றாலைத் திறன் இப்போது 11,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. குஜராத் நம்மை முந்திக்கொண்டது, என்றாலும் பெரிய எண்தான். ஆனால் அது கம்பெனிக் கணக்கில் வரும் 'அங்கீகரிக்கப்பட்ட மூலதனம்' மாதிரி. காகிதத்தில் இருக்கும் தொகை வேறு, கல்லாவில் இருக்கும் ரொக்கம் வேறு. 2023 செப்டம்பர் 10 அன்று தமிழகக் காற்றாலைகள் 5,838 மெகாவாட் கொடுத்து ஒரு சாதனை படைத்தன. அப்போது நிறுவியிருந்த திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். அதாவது சாதனை நாளில்கூடப் பாதியைச் சற்றே தாண்டியது. அதே காத்தாடிகள் ஐப்பசி, கார்த்திகையில் பேருக்குச் சுற்றும், பல நாள் சும்மா நிற்கும்.

நிற்கட்டுமே, ஆடியில் வந்ததைச் சேர்த்து வைத்துக் கார்த்திகையில் எடுத்துக்கொள்ளலாமே என்றுதான் யாருக்கும் தோன்றும். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. எங்கள் கிளையில் சாயங்காலம் கேஷ் டேலி ஆகாவிட்டால் வீட்டுக்குப் போக முடியாது. பத்து ரூபாய் குறைந்தாலும் கேஷியர் உட்கார்ந்து தேட வேண்டும். ஆனாலும் எங்களுக்கு ஒரு நாள் அவகாசம் இருந்தது, மிச்சப் பணத்தை வைக்க ஸ்ட்ராங் ரூம் இருந்தது. கரண்ட்டுக்கு இரண்டும் இல்லை. இந்த நொடியில் உற்பத்தியாவது இந்த நொடியிலேயே செலவாக வேண்டும். ஒவ்வொரு நொடியும் டேலி!

டேலி ஆகிறதா என்று எப்படித் தெரியும்? நம் நாட்டில் கரண்ட் நொடிக்கு 50 சுற்று என்ற தாளத்தில் திசை மாறி மாறி ஓடுகிறது. எல்லா அனல் மின்நிலைய, நீர்மின் நிலைய இயந்திரங்களும் அந்த ஒரே தாளத்துக்குக் கட்டுப்பட்டே சுழல்கின்றன. பாரம் ஏற்றிய மாட்டுவண்டி மேட்டில் ஏறும்போது வேகம் குறைவது போல, உற்பத்தியைவிடச் செலவு கூடினால் இந்த 50 குறைகிறது. செலவு குறைந்தால் 50 ஏறுகிறது. 49.90-க்கும் 50.05-க்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதற்காகச் சென்னையில் மாநில மின் பகிர்மான மையத்தில் இரவு பகலாக ஆள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு நாளை 15 நிமிடத் துண்டுகளாக வெட்டி, 96 துண்டுகளுக்கும் யார் எவ்வளவு கொடுப்பது, யார் எவ்வளவு எடுப்பது என்று முந்தின நாளே எழுதிவிடுகிறார்கள். நம் லெட்ஜர் மாதிரியேதான்! காற்றும் வெயிலும் மட்டும் அந்த லெட்ஜரைப் படித்துவிட்டு வருவதில்லை.

இந்த லெட்ஜரை எழுத நாம் எப்படிக் கற்றுக்கொண்டோம் என்பது சுவாரசியமான கதை. நாமாக மட்டும் கற்கவில்லை, பல நாடுகள் கை கொடுத்தன. கை கொடுத்த வரிசைதான் நாம் கவனிக்க வேண்டியது.

1986-ல் நாட்டின் முதல் சில காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காட்டில் வந்தது. அடுத்து டென்மார்க் அரசின் உதவி நிறுவனம் கயத்தாறிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் அமைக்க உதவியது. டென்மார்க் நம் தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்கு பரப்புகூட இல்லாத நாடு, ஆனால் காற்றாலை விஷயத்தில் அவர்கள்தான் அண்ணன்மார். 1998-ல் சென்னையில் இன்றைய தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் தொடங்கியபோது, கயத்தாறில் காற்றாலைகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் நிலையம் அமைப்பதற்கும் டென்மார்க்கின் தொழில்நுட்ப உதவி கிடைத்தது. ஆக முதலில் வந்தது இயந்திரம்.

இயந்திரம் ஏன் இவ்வளவு வேகமாகப் பெருகியது என்பது வணிகவியல் படித்தவனுக்குத்தான் ருசிக்கும். காரணம் காற்று மட்டும் அல்ல, வருமான வரி. 1990-களில் காற்றாலை வாங்கினால் முதல் வருடமே 100 சதவீதம் தேய்மானம் எழுதிக்கொள்ளலாம். ஒரு கோடி போட்டால் ஒரு கோடியையும் அந்த வருட லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். மார்ச் 31-க்குள் காத்தாடி ஒரு சுற்று சுற்றிவிட்டால் போதும் என்று நூல் மில்காரர்கள் ஓடிய ஓட்டத்தை எங்கள் தலைமுறை வங்கி ஊழியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிறகு அது 80 சதவீதமானது. 2012-ல் கிட்டத்தட்ட எடுத்தே விட்டார்கள், 2014-ல் திரும்பக் கொடுத்தார்கள், 2017 முதல் 40 சதவீதம். இடையில் 2009 கடைசியில், தேய்மானம் கேட்காதவர்களுக்கு யூனிட்டுக்கு 50 பைசா ஊக்கத்தொகை என்று இன்னொரு திட்டம் வந்தது.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேய்மானம், நீ வாங்கினாயா என்று கேட்கிறது. ஊக்கத்தொகை, எத்தனை யூனிட் எடுத்தாய் என்று கேட்கிறது. எந்த நேரத்தில் எடுத்தாய் என்று இரண்டுமே கேட்கவில்லை. என் அபிப்பிராயத்தில் நம் மின்சாரத் திட்டமிடலில் பல வருடம் விட்டுப்போன கேள்வி அதுதான்.

அந்த ஓட்டையை அடைக்க மின்வாரியம் ஒரு ஏற்பாடு செய்தது. அதன் பெயரே 'பேங்கிங்'. பெயரைக் கேட்டதும் எனக்கு ஒரு பாசம். காற்றாலை வைத்திருக்கும் மில்காரர் ஆடியில் மிஞ்சும் யூனிட்டை வாரியத்தில் வரவு வைப்பார். காற்றில்லாத மாதங்களில் அதே கணக்கில் பற்று வைத்து எடுத்துக்கொள்வார். ஏப்ரல் முதல் மார்ச் வரை கணக்கு வருடம். வாரியம் அதில் ஒரு சிறு பகுதியைக் கட்டணமாகப் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் இது நிஜமான பேங்கிங் இல்லை. நீங்கள் என்னிடம் டெபாசிட் போட்டால் அந்தப் பணத்தை நான் இன்னொருவருக்குக் கடன் கொடுத்து வட்டி வாங்குவேன், உங்களுக்கும் ஒரு பங்கு தருவேன். ஆடியில் மில்காரர் போட்ட யூனிட்டை வாரியம் எங்கே வைக்கும்? அன்றைக்கே, அந்த நொடியே யாரோ மிக்ஸி ஓட்டித் தீர்த்துவிட்டார்கள். மார்கழியில் அவர் எடுப்பது வேறு யூனிட். அது தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரித்தோ, வெளியில் விலை கொடுத்து வாங்கியோ வந்தது. மலிவாக இருக்கும் காலத்தில் வரவு, விலை ஏறும் காலத்தில் பற்று. எந்த வங்கி தாங்கும்? காற்றாலைக்காரர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை, இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் இத்தனை காத்தாடி வந்தேயிருக்காது. வாரியத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. இந்த இழுபறி ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் தீர்ப்பாயத்துக்கும் பல முறை போயிருக்கிறது.

இரண்டாவதாக வந்திருக்க வேண்டியது கம்பி. அது தாமதமாகத்தான் வந்தது. 2012-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஐப்பசியில் இந்தப் பக்கத்து ஊர்களில் ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் சார்ஜ் ஏறுவதற்கே கரண்ட் போதாது. பிள்ளைகள் பரீட்சைக்கு மெழுகுவர்த்தியில் படித்தன. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வருடங்களில் காற்று அடிக்கும் மாதங்களில் ஓடிக்கொண்டிருந்த காத்தாடிகளை நிறுத்தச் சொல்லி உத்தரவும் போனது. நடுராத்திரியில் காற்று அள்ளிக் கொடுக்கும், வாங்க ஆளிருக்காது. வேறு மாநிலத்துக்கு அனுப்பக் கம்பி போதாது. தெற்கு மாநிலங்களின் மின் தொகுப்பு, அதாவது கிரிட், மற்ற இந்தியாவோடு ஒரே தாளத்தில் சேர்ந்தது 2013 டிசம்பர் 31 அன்றுதான், ரெய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வந்த பிறகு. (அப்படிச் சேராமல் இருந்ததில் ஒரு லாபமும் உண்டு. 2012 ஜூலை கடைசியில் அடுத்தடுத்து இரண்டு நாள் வடக்கே பாதி நாடு இருளில் மூழ்கியபோது நாம் தப்பித்தோம்.)

அதன் பிறகு வந்தது 'பசுமை மின் வழித்தடம்' என்ற திட்டம். இங்கே கை கொடுத்தது ஜெர்மனி. காற்றும் வெயிலும் மிகுந்த மாநிலங்களுக்குள் துணைமின் நிலையங்களும் உயரழுத்தப் பாதைகளும் கட்ட, செலவில் 20 சதவீதம் மாநிலம் போட வேண்டும், 40 சதவீதம் மத்திய அரசின் மானியம், 40 சதவீதம் ஜெர்மனியின் அரசு வங்கியான கே.எஃப்.டபிள்யூ. கொடுத்த கடன். கடன் என்பதைக் கவனியுங்கள், இனாம் இல்லை. எனக்கு அதுதான் பிடித்தது. கடன் கொடுப்பவன்தான் கணக்கை ஒழுங்காகக் கேட்பான். ஜெர்மனியின் தொழில்நுட்ப உதவி நிறுவனமும் கூடவே வந்து, காற்றையும் வெயிலையும் முன்கூட்டிக் கணிப்பது, அதற்கென்று தனிக் கட்டுப்பாட்டு மையங்கள் வைப்பது பற்றியெல்லாம் நம் ஆட்களோடு உட்கார்ந்து வேலை செய்தது. இன்று சென்னையில் அப்படி ஒரு மையம் இருக்கிறது. அது போக, சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் அருகே புகலூர் வரை 6,000 மெகாவாட் சுமக்கும் பாதை வந்திருக்கிறது. நமக்குத் தட்டுப்பாடு என்றால் அங்கிருந்து வரும், இங்கே மிஞ்சினால் இங்கிருந்தும் போகலாம்.

மூன்றாவதாக, கடைசியாக வந்தது கணக்கு. 2015 முதல் நம் தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் ஒரு ஸ்பெயின் நாட்டு நிறுவனத்தோடு சேர்ந்து, நாளை எத்தனை மணிக்கு எவ்வளவு காற்று மின்சாரம் வரும் என்று தமிழ்நாட்டுக்குக் கணித்துச் சொல்ல ஆரம்பித்தது. 2017-ல் அமெரிக்க அரசின் உதவியோடு அவர்களுடைய தேசிய ஆய்வகமும் நம் மத்திய மின் பகிர்மான நிறுவனமும் சேர்ந்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். இந்தியா ஒரு லட்சம் மெகாவாட் சூரிய மின்சாரமும் 60,000 மெகாவாட் காற்று மின்சாரமும் வைத்துக்கொண்டால் கிரிட் தாங்குமா என்பதுதான் கேள்வி. ஒரு வருடம் முழுவதையும் 15 நிமிடம் 15 நிமிடமாகக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தார்கள். தாங்கும், 1.4 சதவீதம்தான் வீணாகும் என்று விடை வந்தது. அதற்கு ஒரு நிபந்தனை. அனல்மின் நிலையங்கள் பகலில் தங்கள் திறனில் 55 சதவீதம் வரை இறங்கி ஓடப் பழக வேண்டும். 70 சதவீதத்துக்குக் கீழே இறங்க மாட்டேன் என்று அவை அடம் பிடித்தால் வீணாவது 3.5 சதவீதமாகிவிடும். அடுப்பைச் 'சிம்'மில் வைக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பழைய பாய்லருக்கு அது லேசான காரியம் இல்லை.

இயந்திரம், பிறகு கம்பி, பிறகு கணக்கு என்று நாம் போனோம். தலைகீழ். முதலில் கணக்கு, அடுத்து கம்பி, கடைசியில் இயந்திரம் என்று போயிருந்தால் 2012-ன் இருட்டில் கொஞ்சமாவது குறைந்திருக்கும் என்பது என் எண்ணம். இன்று வேறு நாடுகளுக்குத் திட்டமிட உதவுகிறவர்கள் கணக்கிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். 

டென்மார்க் எப்படிச் சமாளிக்கிறது என்று கேட்பீர்கள். அங்கே இப்போது மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து வருகிறது. ரகசியம் பக்கத்து வீடு. கடலுக்கு அந்தப் பக்கம் நார்வே, மலையும் அணையும் நிறைந்த நாடு. 1970-களிலேயே கடலுக்கடியில் கேபிள் போட்டுவிட்டார்கள். காற்று அடித்தால் டென்மார்க் அனுப்புகிறது, நார்வே தன் மதகை மூடித் தண்ணீரை மிச்சம் பிடிக்கிறது. காற்று நின்றால் நார்வே மதகைத் திறக்கிறது. ஸ்ட்ராங் ரூம் பக்கத்து நாட்டில்!

நமக்கும் ஒரு சின்ன ஸ்ட்ராங் ரூம் உண்டு. ஆனைமலையில் காடம்பாறை. 1980-களின் கடைசியில் வந்தது, 400 மெகாவாட். மேலே ஒரு அணை, கீழே ஒரு அணை. கரண்ட் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றுவார்கள், தேவைப்படும்போது கீழே விட்டு டர்பைனை ஓட்டுவார்கள். ஏற்றும்போது செலவாவதில் முக்கால் பங்கு போலத் திரும்பக் கிடைக்கும், மீதி நஷ்டம். அதை லாக்கர் வாடகை என்று வைத்துக்கொள்ளுங்கள். நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இன்னொன்று கட்டி வருகிறார்கள். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் தேவை 20,830 மெகாவாட் வரை போனது. இதோடு ஒப்பிட்டால் நம் ஸ்ட்ராங் ரூம் எவ்வளவு சின்னது என்று தெரியும். பேட்டரிகள் வந்துகொண்டிருக்கின்றன, அதுவும் நல்லதுதான்.

இப்போது சிலோனுக்கு வருவோம். நம் மாடிக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பாடம் அங்கேதான் இருக்கிறது. 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை காலை. பாணந்துறை துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து கோளாறு ஏற்பட்டதில் இலங்கை முழுவதும் கரண்ட் போய்விட்டது. செய்தித்தாள்கள் குரங்கைப் பற்றியே எழுதின. பாவம், அந்தக் குரங்கு ஒன்றும் புதிதாகச் செய்துவிடவில்லை. துணைமின் நிலையத்தில் பாம்பும் அணிலும் விழுவது எந்த நாட்டிலும் நடப்பது. அன்றைக்கு என்ன விசேஷம் என்றால், ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஆபீஸ், தொழிற்சாலை தேவை குறைவு. நல்ல வெயில் என்பதால் வீட்டு மாடிகளிலிருந்து சூரிய மின்சாரம் நிறைய. அதற்கு இடம் விட்டு, கனமான டர்பைன்கள் பலவற்றை ஓட்டாமல் வைத்திருந்தார்கள். பழைய ரைஸ்மில்லில் பெரிய இரும்புச் சக்கரம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். பெல்ட் ஒரு கணம் நழுவினாலும் சக்கரம் தன் கனத்தால் சுற்றிக்கொண்டே இருக்கும். கிரிட்டில் அந்தக் கனம் டர்பைன்களிடம் இருக்கிறது, சோலார் பலகையிடம் இல்லை. கனம் குறைந்த நேரத்தில் விழுந்த அடி, தீவையே சாய்த்துவிட்டது.

இரண்டு மாதம் கழித்துச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை வந்தபோது, பகலில் மாடி சோலாரை அணைத்து வையுங்கள் என்று இலங்கை மின்சார சபை மக்களைக் கேட்டுக்கொண்டது. யோசித்துப் பாருங்கள், கடன் வாங்கிப் பலகை போட்டவரிடம் வெயில் நேரத்தில் அணைக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? 2022-ல்தான் பெட்ரோலும் கரண்ட்டும் இல்லாமல் வரிசையில் நின்ற ஜனங்கள். அவர்களை விரட்டிப் பலகை போட வைத்தது அந்தப் பஞ்சம்தான். அங்கேயும் இயந்திரம் முந்திக்கொண்டது, கணக்கு பின்னால் வருகிறது. 2025 ஏப்ரலில் இந்தியாவும் இலங்கையும் இரு நாட்டு மின் தொகுப்பையும் இணைக்க ஒப்பந்தம் செய்திருக்கின்றன. பல வருடமாகப் பேச்சில் இருக்கும் திட்டம் இது, நம் மதுரைப் பக்கத்திலிருந்து கடல் தாண்டிப் போவதாக. அது வந்தால் நம் ஆடிக் காற்று அங்கே போகலாம், அவர்களுடைய நடுப்பகல் வெயில் இங்கே வரலாம். டென்மார்க்குக்கு நார்வே போல இரண்டு பேருக்கும் ஒரு பக்கத்து வீடு கிடைக்கும்.

சரி, நம் மாடி.

மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில், 2024 முதல், தனி வீட்டுக்கு 3 கிலோவாட் வரை 78,000 ரூபாய் மானியம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நம்மைப் போன்ற குடியிருப்போர் சங்கங்களுக்கு, பொது உபயோகத்துக்காகப் போட்டால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும், சராசரியாக நாளைக்கு 4 யூனிட் வரும். நமக்கு வந்திருக்கிற கொட்டேஷன் 10 கிலோவாட்டுக்கு. அதாவது நாளைக்கு 40 யூனிட். நம் பொது மீட்டரும் நாளைக்கு ஏறக்குறைய 40 யூனிட்தான் ஓடுகிறது. அப்பாடா, பொருந்திவிட்டது, கையெழுத்துப் போடலாம் என்று நினைப்போம்.

நான் வாட்ச்மேன் அண்ணாச்சியிடம் ஒரு நோட்டு கொடுத்து, ஒரு மாதம் காலை 6, 10, மாலை 4, இரவு 10 மணிக்கு மீட்டர் ரீடிங் எழுதச் சொன்னேன். தவறாமல் எழுதினார். அவருக்கு நம் எல்லோர் சார்பிலும் நன்றி. 40 யூனிட்டில் வெயில் நேரமான 10 முதல் 4 வரை ஓடுவது 6 யூனிட்தான். தண்ணீர் மோட்டார் விடியற்காலையிலும் இரவிலும் ஓடுகிறது. லிஃப்ட், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் நேரமும் திரும்பும் நேரமும். விளக்கு, ராத்திரி. ஆக 10 கிலோவாட் போட்டால் 34 யூனிட் வெளியே போகும், சாயங்காலம் 34 யூனிட் உள்ளே வரும். மீட்டர் கணக்கில் நேர் செய்துகொள்ளலாம் என்பார் விற்பனையாளர். இன்றைய விதிப்படி அது எந்த விலைக்கு நேராகும் என்பதை மின்வாரியத்திடம் எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் மேலே பேச வேண்டும். வாய்வார்த்தையை நான் எந்தக் கணக்கிலும் வரவு வைத்ததில்லை.

இதற்கு என் யோசனை: முதலில் மோட்டாரைக் காலை 11 மணிக்கு மாற்றுவோம். மோட்டார் மட்டும் நாளைக்குச் சுமார் 15 யூனிட் தின்கிறது. மாற்றினால் வெயில் நேரச் செலவு 21 யூனிட் ஆகிவிடும். அதற்கு 5 கிலோவாட் பலகை போதும். 500 சதுர அடி, மானியம் 90,000. யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தாலே மாதம் 4,800 ரூபாய் அளவுக்கு மிச்சம், அதுவும் வெளியே அனுப்பாமல் நாமே தின்று தீர்க்கும் யூனிட்டுகளில். மாடியில் மீதி இடத்தில் அக்காமார் வழக்கம்போல் வத்தல் காயப்போடலாம். போன கூட்டத்தில் எழுந்த பெரிய ஆட்சேபணை அதுதான் என்று ஞாபகம்.

இரண்டு விஷயம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, இந்த வகை சோலார் போட்டால் கரண்ட் கட் ஆகும்போது நமக்கு மட்டும் எரியும் என்று எண்ண வேண்டாம். லைனில் கரண்ட் போனால் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும், நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேன் மீது நம் மாடிக் கரண்ட் பாய்ந்துவிடும். லிஃப்டுக்கான ஜெனரேட்டர் அப்படியே இருக்கட்டும்.

இரண்டு, ஆனி ஆடியில் நம்மூரில் மேகமும் சாரலும் சேர்ந்து பலகையின் வரவு குறையும். மேற்கே மலை இருப்பதால் சாயங்கால வெயிலும் சீக்கிரம் மறையும். வருடம் முழுவதும் 4 யூனிட் என்பது சராசரிதான். ஆனால் நம் பலகை மங்கும் அதே மாதங்களில் காத்தாடிகள் முழு வேகத்தில் சுற்றும். பங்குனி சித்திரையில் காத்தாடி நிற்கும்போது பலகை முழு வரவு கொடுக்கும். இந்தப் பக்கத்துக்கு இயற்கை கொடுத்த டபுள் என்ட்ரி அது.

பேட்டரியும் வாங்கி மின்வாரிய இணைப்பையே துண்டித்துவிடலாமே என்று மூன்றாவது மாடித் தம்பி கேட்டார். சிந்தனை நல்லதுதான். ஆனால் சாரல் விழும் பத்து நாளுக்கும் சேர்த்துப் பேட்டரி வாங்க வேண்டும். அந்தப் பேட்டரி வருடத்தில் முன்னூற்றைம்பது நாள் அரைகுறை வேலையோடு உட்கார்ந்திருக்கும். கிரிட் என்பது ஒரு ஜாயிண்ட் அக்கவுண்ட், தம்பி. அதில் நம் பெயரும் இருக்கட்டும். பின்னால் ஸ்மார்ட் மீட்டர் வந்து, பகல் யூனிட்டுக்கு ஒரு விலை, சாயங்கால யூனிட்டுக்கு ஒரு விலை என்று நம் வீடுகளுக்கும் வரும்போது, மாலை 6 முதல் 10 வரைக்கு மட்டும் ஒரு சின்ன பேட்டரி போடலாமா என்று அப்போது கணக்குப் பார்ப்போம்.

கொட்டேஷன்களும் ரீடிங் நோட்டும் செயலாளர் அறையில் இருக்கின்றன. மாலை 6 மணிக்கு மேல் வந்து பார்க்கலாம். 5 கிலோவாட்டுக்குப் புதிய கொட்டேஷன் இரண்டு கம்பெனிகளிடம் கேட்டிருக்கிறோம். வந்ததும் அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்பு. மோட்டார் நேரத்தை மாற்ற யாரிடமும் கொட்டேஷன் வாங்க வேண்டியதில்லை. தலைவர் சம்மதித்துவிட்டார். திங்கட்கிழமை முதல் காலை 11 மணிக்கு மோட்டார் ஓடும். விடியற்காலையில் யார் வீட்டுக் குழாயிலாவது தண்ணீர் குறைந்தால் என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். தொட்டியின் மட்டத்தையும் அந்த நோட்டிலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன்.